அங்கே இருந்தது காலி நிலம் இல்லை: பீப்பிள்ஸ் பார்க் பற்றி ஒரு திறந்த மடல்

சென்னையின் பூங்காக்களுக்கும் பழைய கட்டடங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

சென்ட்ரல் ஸ்டேஷன், டவுன் ஹால், ரிப்பன் மாளிகை என்று அந்த வரிசையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக உங்கள் தரப்பில் ஒரு கையேடு தயாராகிறது. அதன் வரைவை எனக்குத் தெரிந்த ஒருவர் காட்டினார். தாள் நன்றாக இருக்கிறது, படங்கள் அதைவிட நன்றாக இருக்கின்றன, ரிப்பன் மாளிகையின் இரவு விளக்குகளுக்கே ஒரு முழுப் பக்கம். அதற்கு நடுவில், இந்தக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன் அங்கே இருந்தது ஊருக்கு வெளியே சும்மா கிடந்த காலி நிலம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

அதைப் பற்றிக் கேட்க நேரிலேயே போனேன். எந்த அலுவலகம், யார் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பீப்பிள்ஸ் பார்க் என்று நான் சொன்னதும் எதிரே இருந்தவர், "பார்க்கா? அது ஸ்டேஷன் பேராச்சே சார்" என்றார். சரி, அந்த ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது சின்னப் பூங்கா இருந்திருக்கும் என்றார். எழுத்தில் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். கொடுத்தேன். கையேட்டின் உள்ளடக்கம் இறுதி செய்யப்பட்டுவிட்டது, தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கே குறித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

அந்தச் "சின்னப் பூங்கா" 116 ஏக்கர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,100 கிரவுண்டு. உள்ளே 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை, பொதுக் குளியலிடம், டென்னிஸ் ஆடுவதற்கு இடம், பிறகு ஒரு மிருகக்காட்சிசாலை. ஐந்தரை மைல் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர். பூங்காவுக்குள்ளேயே அவ்வளவு தூரம் நடக்கலாம் என்றால் இன்றைக்கு நம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, இன்று நேரு ஸ்டேடியமும் ரிப்பன் மாளிகையும் டவுன் ஹாலும் புறநகர் ரயில் முனையமும் இருக்கிற இடமெல்லாம் அதற்குள் அடக்கம். பார்க் டவுன் என்று அந்த வட்டாரத்துக்கே பெயர் வந்தது அதனால்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது சாலைக்குத் தெற்கே இருந்த நிறுத்தத்துக்குப் பார்க் என்று பெயர் வைத்தவர்களும் ஏதோ ஆசைக்கு வைக்கவில்லை.

தொடங்கியது 1859இல். அன்றைய மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரவெலியன். இவரைப் பெரிய மகான் ஆக்குகிற எண்ணம் எனக்கு இல்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தபோது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி அவர்மேல் இன்றைக்கும் இருக்கிறது, அதை ஐரிஷ்காரர்கள் மறக்கவும் மாட்டார்கள். ஆனால் இங்கே வந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டார். 1859 மார்ச்சில் பொறுப்பேற்றார், 1860 ஜூனில் திருப்பி அழைக்கப்பட்டார். நடுவில் பதினைந்து மாதம்தான். கல்கத்தாவில் இருந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரி உள்ளிட்ட புது வரிகளைக் கொண்டு வந்தபோது, இது கூடாது என்று எழுதியதோடு நில்லாமல் அதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். பதவி போயிற்று. (நானும் கிட்டத்தட்ட அதையே செய்கிறேன். பறிக்கப் பதவி எதுவும் என்னிடம் இல்லை என்பது ஒரு சௌகரியம்.)

அந்தப் பதினைந்து மாதத்துக்குள் அவருக்குத் தோன்றிய ஒன்று இந்தப் பூங்கா. நகரத்தின் மேற்கு மதில் நின்ற கோடுதான் இன்றைய வால்டாக்ஸ் ரோடு. அந்த மதிலுக்கு உள்ளே கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், சந்தும் பொந்துமாக நெருங்கிக் கிடந்தது. சாக்கடை சரியில்லை, காற்று கிடையாது, காலரா வந்தால் தெருத் தெருவாகக் காலி செய்துவிட்டுப் போகும். வெள்ளைக்காரர்களுக்கு நுங்கம்பாக்கத்திலும் சேத்துப்பட்டிலும் ஏக்கர் கணக்கில் தோட்ட பங்களாக்கள் இருந்தன. அவர்களுக்குப் பூங்கா தேவைப்படவில்லை. மதிலுக்குள் இருந்தவர்கள் நடந்தே வந்து சேரக்கூடிய தூரத்தில், மதிலுக்கு வெளியே ஒரு பெரிய பசுமையான இடம் என்று யோசித்ததுதான் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அரசுப் பூங்கா இல்லை, கவர்னர் தோட்டமும் இல்லை, பீப்பிள்ஸ் பார்க். காலி நிலமாக எதையும் விட்டு வைக்கவில்லை, வேண்டுமென்றே திறந்த வெளியாக வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையேட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் முதல் புகார்.

மிருகக்காட்சிசாலை கதை தனி. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் எட்வர்ட் கிரீன் பால்ஃபர் என்ற டாக்டர் இருந்தார். உயிருள்ள மிருகம் ஒன்றிரண்டை அங்கே வைத்தால் கூட்டம் தாங்கவில்லை என்று கண்டுபிடித்து, கர்நாடக நவாபைப் பேசிச் சம்மதிக்க வைத்து, நவாப் வளர்த்த மிருகங்களை வாங்கி வந்து 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே காட்சிசாலை தொடங்கிவிட்டார். ஒரு வருடத்தில் முந்நூறுக்கும் மேலே சேர்ந்துவிட்டன. 1863இல் அது அப்படியே பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிசாலை என்று இன்று வண்டலூரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையின் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழிந்தது உங்கள் கையேடு காலி நிலம் என்று சொல்லும் இந்த இடத்தில்தான். இதே பால்ஃபர் 1840களிலேயே மரங்களுக்கும் மழைக்கும் நிலத்தடி ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதியவர். மரத்தை வெட்டினால் வறட்சி வரும் என்று அப்போதே அரசாங்கத்தை எச்சரித்த ஒருவருடைய சேகரிப்பு, 11 குளங்கள் உள்ள பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

என் தாத்தா சூளையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ், கடைசிவரை அப்படித்தான் சொன்னார். சிங்கம் கர்ஜிப்பது ராத்திரியில் வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும் என்பார். 1970களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கும் கேட்டது. ஆனால் நான் பார்த்தது பூங்கா இல்லை, பூங்காவின் மிச்சம். கூண்டுகள் நெருக்கமாக இருந்தன, வெளியே பஸ் ஹாரன், இந்தப் பக்கம் மூர் மார்க்கெட் சத்தம். தாத்தா மட்டும் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு நடப்பார். இங்கே ஒரு குளம், அங்கே இறங்கினால் இன்னொரு குளம், இந்த இடத்தில் பேண்டு என்று கையை நீட்டுவார். கை நீண்ட திசையில் காம்பவுண்டுச் சுவரோ லாரியோ நிற்கும். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். பின்னாளில் பூங்காவைப் பற்றிப் படித்தபோதுதான் அவர் சொன்ன குளங்கள் உண்மையிலேயே இருந்தவை என்று தெரிந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூங்காவை யாரும் திருடவில்லை. குடிசை போட்டு ஆக்கிரமித்தவர்கள் இல்லை, தனியார் யாரும் போலிப் பத்திரம் எழுதிக்கொண்டு போகவுமில்லை. பொதுக் காரியத்துக்காகப் பொது நிலத்தைப் பொது அமைப்புகளே துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தன. ஒவ்வொரு முறையும் நல்ல காரணம் இருந்தது. அதனால்தான் யாரும் சண்டை போடவில்லை.

முதலில் டவுன் ஹால். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசவும் நாடகம் போடவும் ஒரு மன்றம் வேண்டும் என்று 1880களில் முடிவு செய்தார்கள், 1883இல் அடிக்கல் நாட்டினார்கள், ராபர்ட் சிஷோம் வரைந்து கொடுக்க நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நிலம் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, 1886 ஏப்ரலிலிருந்து 99 ஆண்டுக் குத்தகை, கிரவுண்டுக்கு வாடகை எட்டணா. இரண்டாயிரத்துச் சொச்சம் கிரவுண்டில் ஐம்பத்தேழு போனால் என்ன குறைந்துவிடப் போகிறது? அன்றைக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும், நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் மார்க்கெட் சுகாதாரக் கேடாகிவிட்டது, மாற்று இடம் வேண்டும். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார், 1900இல் திறந்தார்கள். அப்புறம் மாநகராட்சிக்கே இடம் போதவில்லை. எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த அலுவலகம் நெருக்கடியாகிவிட்டது. 1909இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, ஏழரை லட்சம் ரூபாய் செலவில் ரிப்பன் மாளிகை எழுந்து 1913 நவம்பரில் திறக்கப்பட்டது. வெள்ளை வெளேரென்று அழகான கட்டடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் பூங்காவைக் காப்பாற்ற வேண்டியவர்களே தங்கள் நாற்காலியைப் பூங்காவுக்குள் போட்டுக்கொண்ட பிறகு அடுத்தவரிடம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. விளையாட்டு அரங்கம் வந்தது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் போட்டிகள் அங்கே நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக பங்கஜ் ராயும் வினூ மன்கடும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மண்ணில்தான், 2008 வரை அந்த உலக சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1993இல் அதே இடத்தில் நேரு ஸ்டேடியம் புதிதாகக் கட்டப்பட்டது. குளங்களில் ஒன்றான அல்லிக்குளத்தின் மேல் கடைகள் வந்தன. இன்றும் அதற்கு அல்லிக்குளம் வணிக வளாகம் என்றுதான் பெயர். குளம் இல்லை, அல்லி இல்லை, பெயர்ப் பலகை மட்டும் உண்மை பேசுகிறது. மழைக்காலத்தில் அந்த வட்டாரத்தில் முட்டியளவு தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், நானும் ஒருவன். 11 குளங்கள் இருந்த தாழ்வான இடத்தில் தண்ணீர் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்?

1985ஐத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே ஆண்டில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடின. டவுன் ஹாலின் 99 ஆண்டுக் குத்தகை முடிகிற ஆண்டு அது. மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ஜூலை 24ஆம் தேதி வண்டலூரில் புது மிருகக்காட்சிசாலையை எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார், மிருகங்களுக்கு இடம் போதவில்லை, வாகன இரைச்சல் தாங்கவில்லை என்று 1970களிலேயே எடுத்த முடிவு அது, மிருகங்களைப் பொறுத்தவரை சரியான முடிவும்கூட. ஆக, பூங்காவிலிருந்து எடுத்த மூன்று பெரிய துண்டுகளைப் பற்றி மறுபடியும் உட்கார்ந்து யோசிக்க நகரத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஒரு பகுதியையாவது திரும்பப் பச்சையாக்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில்களுக்கு முனையம் வந்தது. பழைய புத்தகம், ரெக்கார்டு, கிளி, மீன் தொட்டி என்று நான் பொழுதைக் கழித்த சந்துகளின் மேல் இப்போது அரக்கோணத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வண்டி கிளம்புகிறது. ரயிலும் தேவைதான். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே தேவைதான், அதுதான் இதில் உள்ள சிக்கலே.

இன்னொரு நாளும் உங்கள் கையேட்டில் இல்லை. 1886ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. பூங்காவில் ஆண்டுதோறும் நடக்கும் பார்க் ஃபேர் என்ற கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இந்த நகரத்தின் மிகப் பெரிய தீ விபத்துகளில் ஒன்று. வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு வந்தவர்கள். அதற்கு ஒரு கல்கூட அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டதில்லை. இத்தனைக்கும் அங்கே நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. டவுன் ஹால் வளாகத்தில் டிரவெலியன் பெயரில் நீரூற்று உண்டு. கவர்னருக்கு நீரூற்று வைத்த ஊர், அவர் யாருக்காகப் பூங்கா போட்டாரோ அவர்கள் அதே பூங்காவில் கருகிச் செத்ததற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். காலி நிலம் என்று எழுதும்போது இவர்களும் சேர்ந்துதான் அழிகிறார்கள்.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ஒரு சுற்றுலாக் கையேட்டில் ஒரு வரி, இதற்கு இவ்வளவா, ரிப்பன் மாளிகையை இடித்துவிட்டு மறுபடி குளம் வெட்டச் சொல்கிறீர்களா என்பீர்கள். சொல்லவில்லை. எந்தக் கட்டடத்தையும் தொட வேண்டாம். டவுன் ஹாலை இத்தனை ஆண்டு இருட்டில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு சீர்செய்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் உண்டு. என் கவலை மிச்சத்தைப் பற்றி. பூங்காவிலிருந்து தப்பிப் பிழைத்தது மை லேடீஸ் தோட்டமும், அந்தக் கட்டடங்களுக்கு நடுவே அங்கங்கே இருக்கும் மரங்களும் திடல்களும்தான். நிலம் பறிபோவது எப்போதும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. அதிகாரபூர்வமான ஒரு வெளியீடு அந்தப் பகுதி ஆதியிலிருந்தே காலி நிலம் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு வாகன நிறுத்தத்துக்கோ இன்னொரு அலுவலகத்துக்கோ மிச்சத்தில் ஒரு மூலையைக் கேட்டு வருபவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் இடம்தானே, பொதுக் காரியம்தானே. 1880களில் தொடங்கிய அதே பேச்சுதான்.

பக்கத்தில் பெங்களூரைப் பாருங்கள். சென்ட்ரலில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அவர்களுடைய கப்பன் பார்க் 1870இல், நம்முடையதைவிடப் பதினோரு ஆண்டு பிந்தித் தொடங்கியது. அங்கேயும் உள்ளே உயர் நீதிமன்றம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, அவர்கள் ஒன்றும் கை வைக்காமல் விட்டுவிடவில்லை. ஆனால் 1975இல் கப்பன் பார்க்கையும் லால்பாகையும் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். எல்லை எது என்று நீதிமன்றத்தில் சண்டை போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். எல்லை என்று ஒன்று இருக்கிறது, அதனால் சண்டை போட முடிகிறது. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959இலேயே வந்துவிட்டது, பூங்கா தொடங்கிச் சரியாக நூறு ஆண்டு கழித்து. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பட்டியலில் இருந்தால்தானே அந்தக் கேள்வியே வரும். காலி நிலத்தை யார் பட்டியலில் சேர்ப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது இவைதான்.

கையேடு அச்சுக்குப் போவதற்கு முன் அந்தக் காலி நில வரியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள், பெரிய செலவில்லை. அந்த இடத்தில் 1859, 116 ஏக்கர், 11 குளங்கள் என்ற மூன்று விவரங்களும், மிருகக்காட்சிசாலை அங்கே இருந்தது என்பதும் வந்தால் போதும், விளக்குகளின் படத்தைக் குறைக்கக்கூடத் தேவையில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உங்கள் நில அளவைப் பிரிவிலும் உள்ள பழைய வரைபடங்களை வைத்துப் பூங்காவின் முதல் எல்லையை இன்றைய தெரு வரைபடத்தின்மேல் வரைந்து வெளியிடுங்கள். அதோடு, எந்த ஆண்டு எவ்வளவு நிலம் யாருக்கு எந்த உத்தரவின்படி போனது என்ற விவரமும் வேண்டும். டவுன் ஹாலுக்குக் கிரவுண்டு கணக்கும் அணாக் கணக்கும் இருக்கிறது என்றால் மற்றவற்றுக்கும் எங்கேயாவது இருந்தாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனித்தனியாக மனுப்போட்டு வாங்கவும் எனக்குத் தெரியும், ஆனால் அதை நீங்களே வெளியிடுவதுதான் முறை.

மை லேடீஸ் தோட்டமும் அந்த வளாகத்தில் எஞ்சியிருக்கும் திறந்தவெளிகளும் 1959 சட்டத்தின்கீழ் பட்டியலில் இருக்கின்றனவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இருந்தால் பரப்பளவோடு அந்தப் பக்கத்தை வெளியிடுங்கள். இல்லை என்றால் சேருங்கள், அளந்து எல்லைக் கல் நடுங்கள், இருக்கும் மரங்களை எண்ணி எழுதி வையுங்கள். இனி அதில் ஒரு கிரவுண்டு எடுப்பதாக இருந்தாலும், அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், முன்கூட்டியே அறிவித்து மக்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

1886 தீயில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் கல் வையுங்கள். தமிழில், வழியில் போகிறவர்கள் நின்று படிக்கும் உயரத்தில். திறப்பு விழாவெல்லாம் வேண்டாம்.

இந்த நான்குக்கும் தனித்தனியாக, எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று கையெழுத்தும் தேதியும் போட்டுப் பதில் எழுதுங்கள். குறித்துக்கொள்ளப்பட்டது என்று மட்டும் மறுபடி எழுதாதீர்கள். பதில் வரும்வரை மாதம் ஒருமுறை இதே மடலின் பிரதியை உங்கள் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
சூளைக்காரர் ஒருவரின் பேரன்